அடைக்கலம் கொடுத்த குற்றம்

ஓடுகிறேன். இடுப்பில் சின்னவன். வலது கையில் நிலாவின் மணிக்கட்டு. ஆஸ்பத்திரி வாசல் பின்னால் போய்விட்டது. தெருவில் ஒரு சைக்கிள் விழுந்து கிடக்கிறது. பின் சில்லு இன்னும் சுற்றுகிறது. ஓட்டியவரைக் காணவில்லை.

குடாவின் அந்தப் பக்கம், துறைமுகத்திலிருந்து, முதலில் ஒரு சத்தம். தும். பெரிய கதவொன்றைச் சாத்தியது போல. பிறகு ஒன்றும் இல்லை. காகம்கூட இல்லை. பிறகு சீழ்க்கை. சீழ்க்கை தலையைத் தாண்டினால் தப்பினோம். பாதியில் அறுந்தால் எங்களுக்குத்தான்.

"படுங்க! படுங்க!"

யார் கத்தியது என்று தெரியவில்லை. விழுந்தேன். பிள்ளைகள் கீழே. நான் மேலே. சீழ்க்கை அறுந்தது. நிலம் என்னைத் தூக்கிப் போட்டது. காதுக்குள் ஒரு வண்டு. வாயெல்லாம் மண். கையால் தடவிப் பார்த்தேன். நிலா. இருக்கிறாள். சின்னவன். இருக்கிறான். உடம்பு கொதிக்கிறது. ஆனால் அது காய்ச்சல். காய்ச்சலுக்குத்தான் அவனை முதல் நாள் இங்கே கொண்டுவந்தேன்.

செவ்வாய்க்கிழமை. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு தொடங்கியிருந்தது. பாதியில் ஒலிபெருக்கி நின்றது.

ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே இன்னும் சிலருடைய குடும்பங்கள் இருக்கின்றன. திருகோணமலைக் குடாவின் தென்கரையில் ஒரு முஸ்லிம் பட்டினம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் ஊர் அதற்குக் கிழக்கே, கரையோரத்துத் தமிழ்க் கிராமம். என் பெயர் கோமதி. தையல்காரி. அன்று விடியும் முன்பே இயக்கம் பட்டினத்துக்குள் இறங்கிவிட்டது. இறங்குதுறையில் ஆமி. குடாவுக்கு அப்பாலிருந்து ஷெல். நடுவில் சனம்.

சனத்துக்கு இரண்டு பக்கமும் பயம். எனக்கு மூன்று பக்கமும்.

என் கணவர் இயக்கத்தில் இருந்தவர். விரும்பிப் போனவர் இல்லை. வீட்டுக்கு ஒருவர் என்று வந்து நின்றபோது தம்பிக்குப் பதிலாகப் போனவர். சின்னவன் பிறந்த பிறகு அங்கிருந்து தப்பி வந்தார். ஒரு பகல் வீட்டில் இருந்தார். பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு படகேறிக் கடலால் போய்விட்டார். அன்றிலிருந்து இயக்கம் என்னைத் தேடியது. என்னைப் பிடித்து வைத்தால் அவர் வருவார் என்று நினைத்தார்கள். ஆமிக்கு நான் இயக்கக்காரனின் பெண்சாதி. இந்தப் பட்டினத்துச் சனத்துக்கு? அவர்களுடைய பிள்ளைகளை இயக்கம் கொண்டுபோயிருந்தது. என்னை யாரென்று கண்டால் என்ன செய்வார்கள்? 

அப்போதுதான் ஒரு கை என் தோளைப் பிடித்து இழுத்தது.

"எழும்பு! உள்ள வா! உள்ள!"

ஹப்ஸா டீச்சர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறவர். கலியாணம் செய்யாதவர். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தது நான். துணி கொண்டுவரும்போது என் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவார். என் கணவரின் கதை முழுக்க அவருக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் இழுத்தார். இதைப் படிக்கிறவர்கள் இந்த ஒன்றை மனதில் வைத்திருக்க வேண்டும். அவர் தெரியாமல் செய்யவில்லை.

பள்ளிக்கூட மண்டபம். கதவுக்குக் குறுக்கே பிள்ளைகள் இருக்கிற நீள வாங்குகள். சன்னல்களை மேசைகளால் மறைத்திருந்தார்கள். உள்ளே சனம் நெருக்கி இருந்தது. டீச்சர் என்னை மேடைக்குப் பின்னால் கொண்டுபோனார். தன் பெருவிரலை நாக்கில் தொட்டார். என் நெற்றியில் வைத்துத் தேய்த்தார்.

"பொட்ட அழிச்சிட்டன். கோவிக்காத. தாலிய உள்ள விடு."

தன் பையிலிருந்து ஒரு கறுப்புச் சால்வையை எடுத்து என் தலையைச் சுற்றிப் போர்த்தினார்.

"இண்டையில இருந்து நீ ரிபாயா. என்ட ராத்தாட மகள். கிண்ணியாவில கட்டிக் குடுத்த. மகன் அஸீம். விளங்குதா?"

அவருடைய அக்காவின் மகளாகத் தலையாட்டினேன். டீச்சர் நிலாவின் முன்னால் குந்தினார்.

"நீ நிஹாரா. அம்மா எண்டு கூப்பிடக் கூடா. உம்மா. எங்க, சொல்லு."

"ஏன்?"

"இது ஒரு விளையாட்டு. பிழைவிட்டா தோல்வி."

நிலாவுக்கு ஆறு வயது. யோசித்தாள். "உம்மா," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "சரியா அம்மா?" என்று கேட்டாள்.

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார். "திரும்பச் சொல்லு."

அன்று பின்னேரம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். உம்மா. உம்மா. உம்மா. 

புதன்கிழமை. மண்டபத்தில் தண்ணீர் முடிகிறது. கிணறு முற்றத்தின் நடுவில், வெட்டவெளியில். காலையில் வாளியோடு போன ஒருவர் திரும்பி வரவில்லை. வாளி மட்டும் கிணற்றுக்கட்டில் இருப்பது சன்னல் இடுக்கால் தெரிகிறது. வெளியே சுடும் சத்தம். இறங்குதுறைப் பக்கம் படபடவென்று. இடையில் ஒற்றை வெடி. பிறகு அந்தத் தும். அந்தச் சத்தம் வந்தவுடன் மண்டபத்துப் பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழுவார்கள். பெரியவர்கள் ஓதுவார்கள். எனக்கு ஓத வராது. உதட்டை மட்டும் அசைப்பேன். பக்கத்தில் இருந்த பெண் என் உதட்டைப் பார்க்கிறாளோ என்று பார்ப்பேன்.

வெளியே போக ஏலாது. உள்ளே இருக்கவும் ஏலாது. என் சொந்த வாயே எனக்கு எதிரி. எங்கள் கரைத் தமிழ் வேறு. இவர்களுடைய தமிழ் வேறு. ஒரு சொல் போதும். அதனால் பேசாமல் இருந்தேன். "புள்ள காய்ச்சலில கிடக்கு. அவவால கதைக்க ஏலா," என்று டீச்சர் எல்லோருக்கும் சொன்னார்.

பிள்ளைகளின் அழுகையை நிற்பாட்டத்தான் அவர் கதை தொடங்கினார்.

"ஆருக்கு ஒரு ராசாட கதை வேணும்?"

பிள்ளைகள் ஊர்ந்து வந்தார்கள்.

"ஆப்பிரிக்காவிட தெற்கில சூலு எண்டு ஒரு சனம். அவங்கட ராசாட பேர் எனக்குச் சரியா வராது. முதல் எழுத்த நம்மளால எழுத ஏலா. நாக்கப் பல்லில ஒட்டி இழுக்கணும். உங்கட உம்மாமார் ஐயோ பாவம் எண்டு உச்சுக் கொட்டுவாங்களே, அந்தச் சத்தம்."

ஒரு பிள்ளை செய்து பார்த்தது. பிறகு இன்னொன்று. மண்டபம் முழுக்க உச்சுக் கொட்டல். மூலையில் இருந்த ஒரு கிழவர் சிரித்தார். அந்த மண்டபத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

"வெள்ளைக்காரன் அந்த ராசாட நாட்டுக்குள்ள பட்டாளத்தோட வந்தான். துவக்கு, பீரங்கி எல்லாம் அவனுக்கிட்ட. இவங்களுக்கிட்ட ஈட்டியும் மாட்டுத்தோல் கேடயமும். ஒரு மலையடிவாரத்தில பட்டாளம் கூடாரம் போட்டிருந்திச்சி. இவங்க மாட்டுக் கொம்பு மாதிரி ரெண்டு பக்கத்தாலயும் வளைச்சி வந்து மடக்கினாங்க. முகாம் முழுக்க அழிஞ்சி போச்சி. லண்டனில ஆரும் நம்பல்ல."

"ராசா வெண்டுட்டாரா டீச்சர்?"

"அண்டைக்கு வெண்டார். பிறகு வெள்ளைக்காரன் இன்னும் பெரிய பட்டாளத்தோட வந்தான். ராசாட ஊர எரிச்சான். ராசா காட்டுக்குள்ள ஒளிச்சார். தேடிப் பிடிச்சிக் கப்பலில ஏத்தி, கேப் டவுன் கோட்டையில அடைச்சாங்க."

தும். டீச்சர் நிறுத்தினார். சீழ்க்கை எங்களைத் தாண்டிப் போனது. வயல் பக்கம் விழுந்தது. கூரைத் தகரம் நடுங்கி நின்றது. அவர் அதே இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"ஒரு நாட்டு ராசாவ இன்னொரு நாட்டில கொண்டுபோய் அடைக்கிறது அவங்கட வழக்கம். கண்டி ராசாவ வேலூருக்கு ஏத்தினாங்க. எகிப்தில எழும்பின பாஷாவ நம்மட நாட்டில கொண்டுவந்து இறக்கினாங்க. பேராதனையில படிக்கக்குள்ள நான் அந்தப் பாஷாவத்தான் தேடினன். தேடப்போய் இந்த ராசா கிடைச்சார்."

"ராசா கோட்டைக்குள்ள அழுதாரா?"

"அழுதிருப்பார். புத்தகத்தில எழுதல்ல."

"வீட்ட விட்டாங்களா?"

"விட்டாங்க. மகாராணிய நேரில பாத்துக் கேட்டார். கடைசியில வீட்ட அனுப்பினாங்க. ஆனா நாட்டத் துண்டு துண்டாக்கி, அவருக்குப் பிடிக்காத தலைவர்மாருக்குப் பிரிச்சிக் குடுத்த பிறகுதான் அனுப்பினாங்க. அவருட சனமே அவர அடிச்சிக் கலைச்சிது. காயத்தோட ஓடினார். கொஞ்சக் காலத்தில மௌத்தாப் போனார். நஞ்சு வச்சதெண்டு சனம் கதைச்சிது."

பிள்ளைகள் உச்சுக் கொட்டினார்கள். இந்த முறை விளையாட்டுக்கு இல்லை.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சின்னவனின் மூச்சையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அது வேகமாக வந்தது. சின்னக் குருவியின் நெஞ்சு மாதிரி. என் மார்பில் பால் வற்றிவிட்டது. துணியை நனைத்து அவன் உதட்டில் வைக்க ஒரு உள்ளங்கைத் தண்ணீர் கேட்கவும் எனக்கு வாய் இல்லை. டீச்சர்தான் கேட்டு வாங்கினார்.

தண்ணீரைப் பங்கிட்டவர் மஜீத் நானா. இறங்குதுறைச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். பெரிய உடம்பு. குறைந்த பேச்சு. அவருடைய மூத்த மகனை இயக்கம் கொண்டுபோய் அப்போது இரண்டு வருசம். உயிரோடு இருக்கிறானா என்றுகூடச் சொல்லவில்லை. அந்த மனுசன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மூடி தண்ணீர் அளந்தார். சின்னவனுக்கு மட்டும் இரண்டு.

வியாழக்கிழமை. வெயில் தகரத்தில் ஏறத் தொடங்கியது. மண்டபம் சூடாகிறது. சின்னவன் குளிர்கிறான்.

முதலில் நல்லது என்று நினைத்தேன். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்தேன். அவனைத் தூக்கித் தோளில் போட்டேன். தலை ஒரு பக்கம் விழுந்தது.

வாயைத் திறந்தேன். எங்கள் கரையில் பிள்ளை செத்தால் தாய் பாட்டெடுத்து அழுவாள். அந்தப் பாட்டில் கோணேசர் வருவார். பத்தினி அம்மன் வருவாள். ஊர் வரும். தகப்பன் பெயர் வரும். எல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. டீச்சரின் கை வந்து என் வாயைப் பொத்தியது.

"ரிபாயா," என்றார். காதுக்குள். "ரிபாயா. ரிபாயா."

அவர் உள்ளங்கையைக் கடித்தேன். இரத்தம் வந்தது. கையை எடுக்கவில்லை. சுற்றியிருந்த பெண்கள், "இன்னா லில்லாஹி," என்றார்கள். ஒருத்தி என் முதுகைத் தடவினாள். நல்ல மனுசி. என் மகனுக்காக அழுதாள். எனக்குத்தான் அழ அனுமதி இல்லை. நிலா என் சட்டையைப் பிடித்து, "உம்மா, தம்பி எழும்பல்ல," என்றாள். அவள் பிழைவிடவில்லை.

மையத்தை, செத்த உடலை, கழுவ வேண்டும். மஜீத் நானா முன்னுக்கு வந்தார். ஒரு செம்புத் தண்ணீர் எடுத்தார். சனத்தின் குடிதண்ணீர் அது. ஒருவரும் தடுக்கவில்லை. சின்னவனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். திரை மூடிய பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இடுப்புக் கயிறு. அதில் பஞ்சாயுதம். எங்கள் பிள்ளைகளுக்குத் பிறந்த துடக்கை, தீட்டை, கழித்த அன்று கட்டுகிற சின்னப் பொன் தகடு. சங்கும் சக்கரமும் வாளும் வில்லும் கதையும் பொறித்தது. தகப்பன் வந்த அந்த ஒரு பகலில் கட்டிவிட்டது. அதை எடுக்க மறந்துவிட்டேன்.

 கதவைப் பார்த்தேன். கதவுக்கு வெளியே துவக்குச் சத்தம். கதவுக்கு உள்ளே மஜீத் நானா. எங்கே ஓடுவது?

திரை விலகியது. அவர் வந்தார். வலது கை பொத்தியிருந்தது. என் முகத்தை நேராகப் பார்த்தார்.  பிறகு டீச்சரிடம் போனார். மெதுவாகத்தான் பேசினார்கள். ஆனால் எனக்குக் கேட்டது.

"டீச்சர், இது உங்கட ராத்தாட பேரன் இல்ல."

"இல்ல நானா."

"ஆர்ட புள்ள?"

டீச்சர் சொன்னார். மறைக்கவில்லை. என் பெயர், ஊர், கணவர் இருந்த இடம், ஓடிப்போனது எல்லாம்.

"என்ட மூத்தவனக் கொண்டுபோன ஆக்கள்ர புள்ளைக்கு நான் இப்ப தண்ணி வாத்திட்டு வாறன்."

"ஓம் நானா."

"இவ இஞ்ச இரிக்கிறது தெரிஞ்சா அவனுகள் உள்ள வருவானுகள். இவ்வளவு சனம் இரிக்கி. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"அப்ப என்னத்துக்கு?"

தும். இருவரும் குனியவில்லை. ஷெல் கடலுக்குள் விழுந்தது. 

"வேற எங்க போகச் சொல்லுறீங்க, நானா?"

அவர் கையைத் திறந்து தகட்டை டீச்சரிடம் கொடுத்தார். "ஒளிச்சி வைங்க," என்றார். பிறகு ஆண்கள் பக்கம் போய் நின்று, "சஃப்பு கட்டுங்க," என்றார். வரிசை கட்டி நின்றவர்களுக்கு அவர்தான் தொழுவித்தார். சத்தம் சற்று அடங்கிய நேரம் பார்த்து, இரண்டு பேரோடு முற்றத்துக்கு இறங்கினார். மதிலோரம் தோண்டினார்கள். மண்வெட்டி ஒன்றுதான் இருந்தது. மற்றவர்கள் தகரத்தால் அள்ளினார்கள். நான் சன்னல் இடுக்கால் பார்த்தேன். என் மகன் வெள்ளைத் துணிக்குள் போனான். வேறு பெயரோடு போனான்.

அன்று பின்னேரம் பிள்ளைகள் மறுபடி டீச்சரைச் சுற்றினார்கள். ராசா செத்த பிறகு என்ன நடந்தது என்று கேட்டார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். மஜீத் நானா வந்து பிள்ளைகளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து இருந்தார்.

"ராசாக்கு ஒரு மகன். தகப்பன் மௌத்தாகக்குள்ள சின்னப் பொடியன். வளந்து அவரும் வெள்ளைக்காரன எதுத்தார். அவரையும் பிடிச்சாங்க. அவரையும் கப்பலில ஏத்தினாங்க. நடுக்கடலில ஒரு தீவு. நாலு பக்கமும் தண்ணி. அங்க வருசக் கணக்கா வச்சிருந்தாங்க. பிறகு விட்டாங்க. ராசாவா இல்ல. சம்பளத்துக்கு ஒரு தலைவனா. அவர் ஒரு கதையுமில்லாம ஊரில இருந்தார்."

"பயமா?"

"பயமும் இரிக்கும். களைப்பும் இரிக்கும். அப்ப வெள்ளைக்காரன் ஒரு புது வரி போட்டான். தலைக்கு இவ்வளவு எண்டு. ஒரு சின்னத் தலைவன் ஏலாது எண்டு துவக்கத் தூக்கினான். காட்டுக்குள்ள இறங்கினான். இறங்க முந்தி, பொஞ்சாதியையும் புள்ளைகளையும் அந்த ராசாட மகன்ட வளவில கொண்டுபோய் விட்டான்."

 வெளியே சத்தம் ஓய்ந்திருந்தது. அந்த அமைதிதான் கூடப் பயம்.

"காட்டில நிண்ட சனத்த வெள்ளைக்காரன் சுட்டுக் கொட்டினான். கலகம் முடிஞ்சிது. பொஞ்சாதியும் புள்ளைகளும் ஒரு வருசத்துக்கு மேல அவருட வளவிலதான். அவர் போகச் சொல்லல்ல. பிறகு வெள்ளைக்காரன் அவரக் கூண்டில ஏத்தினான். ராசத் துரோகம் எண்டான், அது எண்டான், இது எண்டான். கனக்கக் குற்றம் எழுதினான். மிச்சமெல்லாம் நிக்கல்ல. நிண்டது ஒண்டுதான். கலகக்காரனுக்கும் அவன்ட பொஞ்சாதி புள்ளைகளுக்கும் இடம் குடுத்தது. அதுக்கு நாலு வருச மறியல். சிறையில அடைச்சாங்க."

"அவருக்கு எதிரா ஆர் சாட்சி சொன்ன?"

கேட்டது மஜீத் நானா. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் சால்வை நுனியை விரலில் சுற்றினார்.

"பல பேர். அந்தப் பொஞ்சாதியும்."



"அவர் அவங்கள வெளிய அனுப்பியிருந்தா?" மஜீத் நானா மறுபடி கேட்டார்.

"மறியல் இல்ல."

அவர் எழும்பினார். வேட்டியைத் தட்டினார். தண்ணீர்ப் பானைக்குப் போனார். ஒரு கோப்பையில் ஊற்றிக்கொண்டு எல்லோரும் பார்க்க என்னிடம் வந்தார்.

"குடிங்க ரிபாயா," என்றார். "குடிங்க மகள்."

பிள்ளைகள் கலைந்த பிறகு டீச்சரின் பக்கத்தில் போய் இருந்தேன். மூன்று நாளாகப் பேசாத வாய். காற்றாகத்தான் வந்தது.

"அவ ஏன் டீச்சர் சொன்னவ?"

"பிடிச்சிக் கொண்டுபோய் நிறுத்தினா என்ன செய்யிற? அவவுக்கும் புள்ள இருந்திச்சி."

"நான் சொல்ல மாட்டன்."

டீச்சர் என் கையைப் பிடித்தார். நான் கடித்த கை. துணி சுற்றியிருந்தது.

"மொக்குக் கதை கதைக்காத. உயிருக்கு வந்தா சொல்லு. ஹப்ஸாதான் ஒளிச்சி வச்சதெண்டு சொல்லு. நிலாவக் கொண்டுபோய்க் கரை சேர். எனக்குப் புள்ளகுட்டி இல்ல."

வெள்ளிக்கிழமை. விடியற்காலைச் சுபஹ் தொழுகை முடிந்தது. மண்டபத்துக்கு வெளியே தெருவில் சனம் போகும் சத்தம். ஆயிரக்கணக்கான செருப்புச் சத்தம். ஊரே கிளம்பிவிட்டது. கந்தளாய்ப் பக்கம் போகிறார்கள்.

"கிளம்புங்க! வெள்ளத்துணி கட்டுங்க! ஓடக் கூடா, நடங்க!"

கம்புகளில் வெள்ளைத் துணி. கிழவர்கள் கதிரைகளில் இருத்தித் தூக்கப்பட்டுப் போகிறார்கள். ஆடு ஒன்று கூட வருகிறது. மதிலோரம் ஒரு குவியல் மண். அதைக் கடக்கும்போது நின்றேன். மஜீத் நானா என் முழங்கையைப் பிடித்துத் தள்ளினார். "நட மகள். நிக்கக் கூடா."

வயல்வெளி. நிழல் இல்லை. தார் றோட்டு உள்ளங்காலைச் சுடுகிறது. டீச்சர் முன்னால். நிலாவை நடுவில் விட்டு நான். மஜீத் நானா பின்னால். குடாப் பக்கம் தும் என்று கேட்கும்போதெல்லாம் ஊரே ஒரே நேரத்தில் குந்துகிறது. பிறகு எழும்புகிறது. நடக்கிறது.

றோட்டுப் பிரிகிற சந்தி. துவக்கோடு இயக்கக்காரர். இளம் பிள்ளைகள். ஒருவன் முகத்தில் மீசை சரியாக வரவில்லை. சனத்தை ஒற்றையாக விடுகிறார்கள். உழவு மெசின் பெட்டியில் ஒருவன் இருக்கிறான். தலையில் சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையாட்டி. அவன் சும்மா இருந்தால் போகலாம். தலையை ஆட்டினால் இழுத்து மறுபக்கம் நிறுத்துகிறார்கள். மறுபக்கத்தில் பொடியன்கள் நிலத்தில் இருக்கிறார்கள். கைகள் பின்னால் கட்டியிருக்கின்றன.

திரும்பிப் போக ஏலாது. பின்னால் சனம் தள்ளுகிறது. இரண்டு பக்கமும் வாய்க்கால்.

எங்கள் முறை. மீசை வராதவன் டீச்சரை நிறுத்தினான்.

"நீங்கதானே ஹப்ஸா டீச்சர்?"

"ஓம்."

"எங்களுக்குத் தகவல் வந்தது. ஓடினவன்ர மனிசி உங்களிட்ட. எங்க அவள்?"

"என்னோட வந்தது என்ட ராத்தாட மகளும் பேத்தியும். வேற ஆருமில்ல."

அவன் குனிந்தான். நிலாவின் நாடியைப் பிடித்துத் தூக்கினான். எங்கள் ஊர்த் தமிழில்தான் கேட்டான்.

"பிள்ளை, உன்ர பேர் என்ன?"

"நிஹாரா."

"இது ஆர்?"

நிலா என்னைப் பார்த்தாள். அவன் பேச்சு எங்கள் வீட்டுப் பேச்சு. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். மூன்று நாளாகக் கேட்காத பேச்சு. அவள் வாய் திறந்ததைப் பார்த்தேன். அவள் உதடு "அ" என்று குவியாமல் விரிந்ததைப் பார்த்தேன். பிறகு குவிந்தது.

"உம்மா," என்றாள். பாடம் சொல்வது போல உரத்துச் சொன்னாள்.

அவன் என் பக்கம் திரும்பினான். "டீச்சர் உங்களுக்கு என்ன முறை?"

"சாச்சி."

சின்னம்மாவுக்கு அவர்கள் சொல்கிற அந்த ஒரு சொல். அதற்கு மேல் என்னிடம் இல்லை.

அவன் தலையாட்டியைப் பார்த்தான். சாக்கு என் பக்கம் திரும்பியது. இரண்டு ஓட்டைக்குள் இரண்டு கண். என்னைத் தெரிந்த கண்ணா? இன்றைக்கும் தெரியாது. சாக்கு அசையவில்லை. பிறகு டீச்சரின் பக்கம் திரும்பியது. ஆடியது.

"டீச்சர் நிக்கட்டும். அவளைக் காட்டினாப் போகலாம். மற்ற ஆக்கள் போங்கோ."

 என் கால் டீச்சரின் பக்கம் திரும்பியது. அவர் அதைக் கண்டார். என்னைப் பார்த்துக் கோபமாகக் கத்தினார். வகுப்பில் கத்துகிற குரல்.

"என்னத்தப் பாக்காய்? புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போ! திரும்பிப் பாக்காத!"

மஜீத் நானா எங்கள் இருவரையும் சந்தி தாண்டித் தள்ளிவிட்டார். அவரும் தாண்டிவிட்டார். அவருக்கு வழி திறந்துவிட்டது. முப்பது நாற்பது காலடி நடந்திருப்போம். நின்றார்.

"நீ நட. பொம்புளயத் தனிய விட்டுட்டு வர ஏலா."

"நானா, வேண்டாம்..."

மூன்று நாளில் நான் அவரிடம் பேசிய ஒரே பேச்சு. அவர் திரும்பி நடந்தார். கையை உயர்த்திக்கொண்டு நடந்தார். டீச்சருக்குப் பக்கத்தில் போய் நின்றார். அந்தப் பொடியனிடம் எதையோ சொன்னார். பொடியன் துவக்கால் அவரை நிலத்தில் இருக்கச் சொன்னான். அவர் இருக்கவில்லை.

தும்.

"ஷெல்! படுங்க! வாய்க்காலுக்குள்ள!"

சீழ்க்கை. நீளமான சீழ்க்கை. அறுந்தது.

வாய்க்கால் தண்ணீருக்குள் நிலாவின் மேல் கிடந்தேன். அடுத்தது விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. எல்லாம் சந்தியில். தலையைத் தூக்கியபோது சந்தி இல்லை. புகை. உழவு மெசின் கவிழ்ந்து எரிகிறது. சனம் புகைக்குள் இருந்து எங்கள் பக்கம் ஓடி வருகிறது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஓடி வருகிறவர்கள் முடியும்வரை பார்த்தேன். பிறகு ஒருவரும் வரவில்லை.

"டீச்சர்! டீச்சர்!"

அது நிலா.

கந்தளாயில் ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் கூடாரம் தந்தார்கள். அங்கேயும் ரிபாயாவாகவே இருந்தேன். டீச்சரின் தம்பி தேடி வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. அவருடைய மூத்த ராத்தாவுக்குப் பெண்பிள்ளையே இல்லை. அவர் என்னைக் குறை சொல்லியிருக்கலாம். காட்டிக் கொடுத்திருக்கலாம். "கடைசியா என்ன சொன்னா?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு போனார். மறுநாள் நிலாவுக்கு ஒரு சோடிச் செருப்புக் கொண்டுவந்தார்.

அந்தச் சந்திக்குப் போகவிட்டபோது மழைக்காலம் முடிந்திருந்தது. குழிகளில் புல். டீச்சரின் தம்பியும் மஜீத் நானாவின் மனைவியும் நானும் போனோம். வாய்க்காலின் இரு கரையிலும் தேடினோம். ஒரு துணித்துண்டுகூட இல்லை. ஷெல்லில் செத்தார்களா, செத்த பிறகு யாரும் அள்ளிப் போனார்களா, அதற்கு முன்பே இழுத்துப் போனார்களா? இயக்கம் சொல்லவில்லை. ஆமி சொல்லவில்லை. இப்போது கேட்க ஒருவரும் இல்லை.

இப்போது திருகோணமலையில், லிங்கநகரில் ஒரு அறையில் இருக்கிறேன். இங்கிருந்து குடா தெரியாது. அதற்காகவே இந்த அறையை எடுத்தேன். இங்கே பொட்டு வைக்கிறேன். கோமதி என்று கூப்பிட்டால் திரும்புகிறேன். நிலா வளர்ந்துவிட்டாள். இன்றைக்கும் பயந்தால் அவள் வாயில் வருவது உம்மாதான்.

டீச்சர் அந்த ராசா மகனின் கதையை முடிக்கவில்லை. மறியலோடு நிறுத்திவிட்டார். மிச்சத்தை நிலா படித்துச் சொன்னாள். அவரை மறியலிலிருந்து விட்டார்களாம். ஆனால் சொந்த மண்ணுக்கு விடவில்லையாம். தூரத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கச் சொன்னார்களாம். அங்கேயே செத்தாராம். செத்த பிறகு உடலைக் கொண்டுபோய்த் தகப்பன் பாட்டன்மாருடைய மண்ணில் புதைத்தார்களாம்.

உடலாவது போனது.

மறக்கக் கூடாது என்று எழுதுகிறேன். இழந்ததைச் சொல்கிறேன்.

வீடு. கூரை போய்ச் சுவர் நின்றது. பிறகு சுவரும் போனது. தையல் மெசின். கிணறு, உள்ளே வெடிக்காத ஷெல்லோடு மூடப்பட்டது.

என் கணவர். கடலால் போனவர். அக்கரை சேர்ந்ததாக யாரும் சொல்லவில்லை.

மஜீத் நானாவின் மூத்த மகன். இன்றுவரை தகவல் இல்லை. அவனுடைய தாய் கடையை இன்னும் திறந்து வைத்திருக்கிறார்.

என் மகன் ஆதவன். பத்து மாதம். அஸீம் என்ற பெயரில் புதைந்தான். அந்த மதிலோரத்தில் இப்போது புது வகுப்பறை.

மஜீத் நானா. வழி திறந்த பிறகு திரும்பிப் போனவர். உடல் இல்லை.

ஹப்ஸா டீச்சர். உடல் இல்லை. ஓடிப்போன ஒருவனின் பெண்சாதிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் தெரிந்துகொண்டே இடம் கொடுத்தார். அதற்காகவே அந்தச் சந்தியில் நிறுத்தப்பட்டார்.

சாட்சி நான்.